பாதி பனீரின் விலை

அன்புள்ள மாறனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், உன் சௌக்கியத்தை நீ சொன்னால்தான் எனக்குத் தெரியும். டப்ளினில் மழை விடவில்லையாமே, தலையை நன்றாகத் துவட்டிக்கொள். பொழிச்சலூரில் வெயிலுக்கும் விமானச் சத்தத்துக்கும் குறைவில்லை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், நீயும் விடும்மா என்று பேச்சை மூடிவிடுவாய், அதனால் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

நம் டிபன் கடைக்கு நீ செய்து கொடுத்த ஆர்டர் சாஃப்ட்வேரில், ஊத்தப்பத்தின் ஒரு பாதியில் மட்டும் வெங்காயமோ பனீரோ கேட்டாலும் முழுசுக்கு உண்டான கூடுதல் விலையே விழும்படி வைத்திருந்தாய். எப்ஸி டீச்சரை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு எதிர்ச் சந்துக்குக் குடிவந்தவள். பள்ளி விட்டதும் மகளோடு வந்து ஒரே ஊத்தப்பம் வாங்குவாள், ஒரு பாதி வெங்காயம் அவளுக்கு, மறு பாதி வெறுமனே பிள்ளைக்கு. ஒருநாள் பில்லைப் பார்த்து, பாதி வெங்காயத்துக்கு முழு ரேட்டா ஆன்ட்டி என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டாள், எனக்குத்தான் முகம் சுருங்கிப்போயிற்று. அப்பா திருநீர்மலைக் கோயிலுக்குப் போயிருந்த சமயம், சாஃப்ட்வேரில் பாதிக்குக் கூடுதல் விலை என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டுவிட்டேன். வெங்காயத்துக்கு மட்டும் என்று நினைத்தேன், எல்லாவற்றுக்கும் ஆகிவிட்டது. காலேஜ் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா, ஆர்டர் போடும் திரையில் இடது பாதி பனீர், வலது பாதி பனீர் என்று தனித்தனியாக அழுத்தி, முழுப் பனீர் ஊத்தப்பத்தை வெறும் ஊத்தப்ப விலைக்குத் தின்று தீர்த்தார்கள். பத்தாம் நாள் தோசைக்கல்லில் நிற்கும் பாலு வந்து, இன்னாக்கா இது, பனீரு டப்பா டப்பாவா போய்க்கினு கீது, பில்லுல காணமே என்றபோதுதான் எனக்கு உறைத்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா உனக்குப் போன் போட்டுவிட்டார். பெத்தவன் கடையில விளையாடுறியா, நீ படிச்ச படிப்பு இவ்ளோதானா என்று அவர் கத்தியபோது பக்கத்தில்தான் நின்றேன். நீ சரிப்பா, பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னாய். அவருக்குப் பயந்து நான் பேசாமல் இருந்துவிட்டேன் மாறா, பெற்ற பிள்ளையை ஏச்சு வாங்கவிட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிறாக, நீ கூப்பிடும்போதெல்லாம் அவர் மோட்டார் போடவேண்டும் என்று எழுந்து போய்விடுகிறார். இன்று காலை தாங்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை, புள்ளையக் காப்பாத்தப் பழிய நீ ஏத்துக்கிறியா என்றார். பிறகு யார் எப்போது விலையை மாற்றினார்கள் என்று காட்டும் பட்டியலைத் திறந்து பார்த்தார். என் பெயர், தேதி, பூஜ்யம், எல்லாம் இருந்தது. அப்படியென்றால் உனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அதற்குக் கீழே நீ பழைய விலைக்கே திருத்திய வரி, காரணம் என்ற இடத்தில் ‘என் தவறு’ என்று எழுதியிருந்தாய். அப்பா அதை இரண்டு முறை படித்தார், கண்ணாடியைக் கழற்றி வைத்தார், அவனுக்கு இப்ப மணி எவ்ளோ இருக்கும் என்று கேட்டார்.

இனிமேல் பாதிக்குப் பாதி விலையும் மேலே இரண்டு ரூபாயும் வை. ஒரே ஊத்தப்பத்தில் இரண்டு வேலை, அதற்குத்தான் அந்த இரண்டு ரூபாய் என்று பாலு சொல்வதும் நியாயம்தான். எப்ஸி டீச்சரும் சரி என்றுவிட்டாள். இரண்டு பாதியும் ஒன்றேயானால் முழு விலை விழட்டும்.

அப்பா கூப்பிடும்போது ஒன்றும் நடக்காத மாதிரி பேச்சை மாற்றாதே, மனுஷன் மன்னிப்புக் கேட்கட்டும். நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்கவேண்டும், ரங்கநாதர் துணை. மறக்காமல் அந்தக் காரணத்தை மாற்றிவிடு. ‘அம்மாவின் தவறு’ என்று எழுது, அது உன் பெயரில் இருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

உன் அம்மா,
கோகிலவாணி லோகநாதன்