தகப்பனைக் காணாதவளின் மூச்சு

இன்று சலவைக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் பல்வலிக்கு ஒரு கராம்பைக் கடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்று விரிப்பு மடித்தாள். உங்களிடம் எப்போதும் வீசும் அந்த மணம் வந்ததும் திரும்பி உங்களைத் தேடினேன். நீங்கள் இறந்து ஒரு குளிர்காலம் முடிந்துவிட்டது.

பள்ளியை இடையில் விட்டுவிட்டு, கனடாவில் மொன்ட்ரியால்-நோரில் இந்த வேலைக்கு வந்தபோது, நான் மடித்த விரிப்பின் மறுமுனையைப் பிடித்தவர் நீங்கள். இளவயதில் அயர்லாந்திலிருந்து வந்தவர். நான் வாய் திறக்கமாட்டேன், நீங்கள் மூடமாட்டீர்கள். இருமலுக்கு வெட்டிய வெங்காயத்தைக் காலுறைக்குள் வைக்க வேண்டும் என்பீர்கள். பாலுண்ணியில் உருளைக்கிழங்குத் துண்டைத் தேய்த்து மண்ணில் புதைத்தால், கிழங்கு அழுக அழுகப் பாலுண்ணியும் போய்விடும் என்பீர்கள்.

"அப்ப கறிக்கு என்ன செய்வியள்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். நான் உங்களிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். நீங்கள் சிரித்த சிரிப்பில் விரிப்பு நிலத்தில் விழுந்தது. நாம் பேசியது ஆங்கிலம். நினைவில் எல்லாம் எங்கள் யாழ்ப்பாணத் தமிழாகவே வருகிறது.

பிறகு அப்பாவைப் பற்றிக் கேட்டீர்கள்.

"நான் அவரைக் காணேல்லை. நான் பிறக்க முன்னமே சண்டையிலை செத்துப்போனார்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தேன். "தேப்பனைத் திண்டிட்டுப் பிறந்தவள்" என்பார் பெரியம்மா. பச்சைக் குழந்தை இருக்கும் அறைக்குள் என்னை விடமாட்டார்.

நீங்கள் கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டீர்கள். "ஒரு நாளும் காணேல்லையோ? கடவுளே! உன்னட்டை அந்த மருந்து இருக்கடி."

தகப்பனைக் காணாத பிள்ளை ஊதினால் குழந்தையின் வாய் அக்கரம் ஆறும் என்பது உங்கள் ஊர் நம்பிக்கை. உங்கள் பேரனின் நாக்கெல்லாம் வெள்ளை படர்ந்து, அவன் பால் குடிக்க முடியாமல் அழுதுகொண்டிருந்த நாள்கள் அவை. "வாறியா?" என்றபோது உங்கள் குரல் கெஞ்சியது. என்னிடம் யாரும் எதையும் அப்படிக் கேட்டதில்லை.

மறுநாள் காலை, நீங்கள் சொன்னபடி வெறும் வயிற்றோடு உங்கள் வீட்டுக்கு வந்தேன். "டொக்டர் தந்த மருந்தும் விடுறம், அம்மா. பேந்து இவள்தான் சுகப்படுத்தினவள் எண்டு ஊரெல்லாம் சொல்லாதேங்கோ" என்று முறைத்தபடி உங்கள் மகள் பிள்ளையைத் தந்தாள். அவன் திறந்த வாய்க்குள் மெல்ல ஊதினேன். அழுகை நின்றது. அவன் என்னையே பார்த்தான்.

மகள் "மெர்சி" என்று தொடங்க, நீங்கள் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினீர்கள். "நன்றி சொன்னால் பலிக்காது, விசரி!"

சில நாளில் வாய் ஆறிவிட்டது. சொட்டு மருந்தா, மூச்சா என்று நான் ஆராயவில்லை. அப்பா இல்லாமல் போன அதே இடத்தில், கடலுக்கு அப்பால் ஓர் ஊர் எனக்கென்று ஒரு வரத்தை வைத்திருந்திருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

போன ஞாயிறு, பெரியம்மாவின் மகளுக்குப் பிறந்த குழந்தையைப் பார்க்க லொங்குய்யுக்குப் போனேன். பெரியம்மா என்னைக் கண்டதும் அறை வாசலில் வந்து நின்றார். நான் அவரைக் கடந்து உள்ளே போனேன்.

"தாங்கோ அக்கா, நான் தூக்கிறன்."

அக்கா தந்தாள். குழந்தை என் முகத்துக்கு நேரே பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது. என் மூச்சு அதில் படுமே என்று நான் முகத்தைத் திருப்பவில்லை.