புகை தொடாத சட்டை

என் வீட்டு மகாராணிக்கு,

உன் புருஷன் கல்லுக்குண்டாக இருக்கிறேன். உன் முட்டிவலி குறைந்ததா? அம்மா நேரத்துக்கு மாத்திரை போடுகிறார்களா?

இந்த ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலி தள்ளுவதில் எனக்கு நிகர் எவனுமில்லை. பெரிய டாக்டரே என்னைக் கேட்டுத்தான் லிப்டில் ஏறுவார்!

போன வாரம் ஒரு சின்னச் சங்கதி. புற்றுநோய் வார்டில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியை ஸ்கேனுக்கு அழைக்கப் போனேன். மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“மாமா, நீங்க தள்ளினா வரமாட்டேன். சிகரெட் நாத்தம்.”

“வெளியில நின்னுதானேம்மா பிடிச்சேன்? மூணு ஏலக்காய் வேற மென்னேன்!”

“ஏலக்காய் வாய்க்கு. சட்டைக்கு? எங்கப்பாவும் இப்படித்தான் வந்து கட்டிப்பாரு, எனக்கு இருமல் பிச்சுக்கும். அவர் பாக்கெட்லேர்ந்து திருடி நானும் பிடிச்சவதான். நோவு வந்ததும் விட்டுட்டேன். உங்களுக்கு என்ன கேடு?”

ஊரையே விலைபேசும் நான் நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன். நர்ஸம்மா வேறு ஆளை அனுப்பினார்.

அன்றே சிகரெட் பாக்கெட்டைக் குப்பையில் போட்டேன். இருபது வருஷமாக நீ சொல்லிக் கேட்காதவன்தான், கோபித்துக்கொள்ளாதே. இன்றோடு ஒன்பது நாள். எழுத்து கோணலாக இருப்பது பேனாவின் குற்றம், சிகரெட்டை விட்டதால் அல்ல.

அந்தப் பெண் தினமும் என்னை வார்டு வாசலிலேயே நிறுத்தி மோந்து பார்க்கிறாள். “சட்டை இன்னும் நாறுது, போங்க” என்கிறாள். எத்தனை சோப்பு போட்டாலும் வாடை போகவில்லை. அடுத்த மாதம் அவளுக்குப் பெரிய ஸ்கேன். “அன்னிக்கு நாறலன்னா நீங்களே தள்ளுங்க மாமா” என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

நீ எடுத்துத் தந்து நான் உடுத்தாமலே பீரோவில் வைத்த நீலச் சட்டையை உடனே அனுப்பு. கடையில் புகை பிடிப்பவர்கள் நிற்பார்கள், அதனால் பொட்டலத்தை அங்கே கொடுக்காமல் நீயே கட்டு. புகை தொடாத சட்டை எனக்கு அது ஒன்றுதான்.

வார்டில் மணி அடிக்கிறார்கள், ஓடுகிறேன்.

உன் புருஷன்