நாற்பத்தொன்றாம் நம்பர் காருக்குக் கண் பார்த்தது

அன்பு மகள் ரோவினாவுக்கு, சித்தப்பா ஹோபர்ட் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சித்தி வில்டாவும் கோழிகளும் கர்த்தர் புண்ணியத்தில் சௌக்கியமாக இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் தனிக் கட்சி நடத்துகிறது. அலாஸ்காப் பனியில் நீயும் அப்படியே சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் தினமும் சாப்பாட்டில் கை வைக்கிறேன். போன கடிதத்தில் இருமல் என்று எழுதியிருந்தாய், இந்தத் தடவை அதைப் பற்றிப் பேச்சையே காணோம், போய்விட்டதா அல்லது மறைக்கிறாயா? ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள்தான் தங்கள் உடம்பைக் கவனிக்க மாட்டார்கள். வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் விட்டுக் குடி. நான் அதில் இன்னொன்றும் விடுவேன், இந்தக் கடிதத்தைச் சித்தியும் படிப்பாள் என்பதால் அதை எழுதவில்லை. தோட்டத்தில் இந்த வருஷம் தக்காளி ஒவ்வொன்றும் பச்சைக் குழந்தையின் தலை அளவு. சித்தி முஷ்டி அளவு என்கிறாள், யாருடைய முஷ்டி என்று கேட்டால் கோழிக்குத் தீனி போடப் போய்விடுகிறாள். சர்ச்சில் புதுப் பாதிரியார் வந்திருக்கிறார், பிரசங்கம் சின்னதாகச் செய்கிறார், ஊரில் எல்லாருக்கும் அவரைப் பிடித்துவிட்டது.

இனி நீ கொடுத்த வேலைக்கு வருகிறேன். உன் தங்கை கெய்லாவைக் கார்ப் பந்தயத்திலிருந்து எப்படியாவது இழுத்துக்கொண்டு வாருங்கள், காரின் சாவியைப் பிடுங்கியாவது வாருங்கள் என்று எழுதியிருந்தாய். வசந்தத்தில் அவள் சுவரில் மோதித் தோள் எலும்பை உடைத்துக்கொண்டதிலிருந்து நீ சரியாகத் தூங்குவதில்லை என்பதும், ஈஸ்டர் அன்று போனில் இரண்டு பேரும் கத்திக்கொண்டதோடு பேச்சு நின்றுபோனதும் எனக்குத் தெரியும். உங்கள் அப்பா போன பிறகு உங்கள் இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து வளர்த்தவன் நான், ஆகவே யார் பக்கமும் சாயாமல் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முதலில் ஒன்று, அந்தக் காருக்குச் சாவியே கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் கடைத்தெருவில் ஓடுகிற கார் மாதிரிதான் இருக்கும், உள்ளே இரும்புக் குழாயும் ஒரே ஒரு இருக்கையும் ஒரு சுவிட்சும்தான். கதவும் திறக்காது, ஜன்னல் வழியாகத்தான் நுழைய வேண்டும். ஆனால் ஸ்டீயரிங் கையோடு கழன்று வரும். அதை விசாரித்துத் தெரிந்துகொண்டேன், சனிக்கிழமை போய் அதைக் கழற்றி என் வண்டியின் இருக்கைக்கு அடியில் போட்டுக்கொண்டு வந்துவிடுவது என்று தீர்மானம் செய்தேன். இதுபோன்ற திட்டத்தை ராணுவத்தில் தளபதிகள்தான் போடுவார்கள், நான் எட்டாவதோடு நின்றவன், காலைக் காப்பி ஆறுவதற்குள் போட்டுவிட்டேன்.

நான் இத்தனை வயதுக்கு ஒரு பந்தயம் பார்த்ததில்லை என்பது உனக்குத் தெரியும். செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வருவதை வேலை வெட்டி இல்லாதவன்தான் பார்ப்பான் என்று சர்ச் வாசலில் நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். பீவர் க்ரீக் மைதானத்தில் அன்றைக்கு நாற்பதாயிரம் பேர் இருந்தார்கள். சித்தி அங்கே இரண்டாயிரம் பேருக்கு மேல் உட்கார முடியாது என்கிறாள், அவள் வரவில்லை, நான் போயிருந்தேன். நான் செத்தால் யாரும் பொறுப்பில்லை என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கையில் ஒரு பட்டையைக் கட்டி, கார்கள் நிற்கிற இடத்துக்கு உள்ளே விட்டார்கள். கெய்லாவின் மஞ்சள் கார், நாற்பத்தொன்றாம் நம்பர், அதற்குப் பக்கத்தில் டயர்க் கடை கர்ட் நின்றான், அவன் கடையில்தான் இவள் வேலை செய்கிறாள் என்று முன்பே எழுதியிருக்கிறேன். பந்தயத்தன்று இவளுக்குக் கண் பார்க்கிறவனும் அவன்தான். அது என்னவென்றால், ஹெல்மெட்டும் கழுத்துக் கட்டும் போட்ட பிறகு ஓட்டுகிறவர்களால் தலையைத் திருப்ப முடியாது. அதனால் ஜனங்கள் உட்காருகிற மேடையின் கூரை மேல் ஒருவர் நின்று, பக்கத்தில் கார் இருக்கிறதா இல்லையா என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கெய்லா என்னைப் பார்த்ததும், "என்ன சித்தப்பா, அக்கா அனுப்பினாளா?" என்றாள். பந்தயம் பார்க்க வந்தேன் என்றேன். "நீங்களா? பந்தயமா?" என்று சிரித்துவிட்டு டயரில் காற்று பார்க்கப் போய்விட்டாள்.

ஸ்டீயரிங் காரின் கூரை மேல்தான் கிடந்தது, கை நீட்டினால் போதும். ஆனால் கர்ட் பக்கத்தில் நின்றதால் அவனைக் கொஞ்சம் பேச்சில் பிடித்துவைக்க வேண்டியிருந்தது. பொரித்த இறைச்சி ரொட்டி ஒன்றைத் தின்றுகொண்டே அவனுக்கு என் கண்ணைப் பற்றிச் சொன்னேன், மூன்று மலைக்கு அப்பால் பருந்து கிளம்பினால் இங்கே என் கோழிகளுக்கு நான் விசில் அடிப்பேன் என்பதை. லாரி ஓட்டிய காலத்தில் எதிரே வருகிறவனின் மீசையைப் பார்த்து அவன் எந்த ஊர் என்று சொல்லியிருக்கிறேன் என்பதையும் சொன்னேன். அவன் வாயைப் பிளந்து கேட்டான். அந்த நேரம் அவன் போன் அடித்தது, பேசிவிட்டு முகம் வெளுத்துப்போய், "கெய்லா, அவளுக்கு வலி எடுத்துருச்சு, நான் போயாகணும்" என்றான். அவன் மனைவிக்குப் பிரசவம் அடுத்த மாதம்தான் என்று சொல்லியிருந்தார்களாம். கெய்லா, "போ, ஓடு, நிக்காத" என்றாள். அப்புறம் ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏனென்றால் கூரை மேல் ஆள் இல்லாத காரை அங்கே ஓடவிட மாட்டார்கள், அது சட்டம்.

ரோவினா, இந்த இடத்தை நீ நிதானமாகப் படிக்க வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் நீ கேட்ட காரியம் தானாக முடிந்திருக்கும், ஸ்டீயரிங்கைத் தொடவே வேண்டாம். ஆனால் கர்ட் ஓடுகிற ஓட்டத்தில் திரும்பி என்னைக் காட்டி, "அண்ணன் இருக்காரே, பருந்துக் கண்ணு!" என்று கத்திவிட்டுப் போனான். சுற்றி நின்றவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். கெய்லாவும் பார்த்தாள். "சித்தப்பா, எனக்கு உள்பக்கம் கார் இருந்தா உள்ள, வெளிப்பக்கம் இருந்தா வெளிய, ரெண்டும் இல்லேன்னா வழி இருக்கு, இந்த மூணுதான். உங்களால மூணு வார்த்தையோட நிறுத்த முடியுமா?" என்று கேட்டாள். எனக்கு முடியாதது என்று ஒன்று உண்டா என்றேன்.

கூரைக்கு இரும்பு ஏணி, முழங்கால் அதைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுதும். மேலே மற்ற கார்களுக்குக் கண் பார்க்கிறவர்கள் வரிசையாக நின்றார்கள். எனக்கு இடப்பக்கம் நின்றவன் பெயர் லானி, எட்டாம் நம்பர் சிவப்புக் காருக்கு. என்னைப் பார்த்து, "பெருசு, கண்ணாடி போட்டுட்டு வந்திருக்கியா, இல்ல காதுலயே பாத்துக்குவியா?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் எல்லா இன்ஜினும் ஒன்றாகக் கிளம்பின. அதை எழுத்தில் எழுத முடியாது. காதில் கேட்கவில்லை, விலா எலும்பில் கேட்டது. என் பொய்ப்பல் இரண்டும் ஒன்றோடொன்று பேசின. பச்சைக் கொடி விழுந்ததும் இருபது கார் ஒரே கார் மாதிரி முதல் வளைவுக்குள் போய் நுழைந்தது, ஒன்றுக்கொன்று ஒரு கை கூட இடைவெளி இல்லை, எரிந்த ரப்பர் வாசனை முகத்தில் அடித்தது, நான் சர்ச் வாசலில் சொன்னதை எல்லாம் அந்த நிமிஷத்திலேயே வாபஸ் வாங்கிக்கொண்டேன். காதில் மாட்டிய ரேடியோவில் கெய்லாவின் குரல், "சித்தப்பா, பேசுங்க, யாரு இருக்கா?" என்றது. கீழே பார்த்தால் உள்பக்கம் நீலக் கார் ஒன்று. "உள்ள" என்றேன். அந்தப் பாதை சாய்வானது, வெளிப்பக்கம் மேடு, உள்பக்கம் பள்ளம், அவள் மேலேயே ஓட்டினாள். நீலக் கார் பின்வாங்கியதும் "வழி இருக்கு" என்றேன், உடனே கீழே இறங்கினாள். நான் சொன்ன நொடியில் இறங்கினாள், திரும்பிப் பார்க்க அவளால் முடியாது, என் சொல்லைத்தான் பார்த்து இறங்கினாள். வில்டா இத்தனை வருஷத்தில் நான் சொல்லி ஒரு ஜன்னலைக் கூடச் சாத்தியதில்லை.

ஒவ்வொரு காராகத் தாண்டினாள். வெயில் சாய்ந்து முதல் வளைவில் ஓட்டுகிறவர்களின் கண்ணில் நேராக அடித்த நேரத்தில் அவளுக்கு முன்னால் சிவப்புக் கார் மட்டும்தான் மிச்சம், ஓட்டுகிறவன் கோடி ப்ரூட், போன வருஷம் கோப்பை வாங்கியவன். இவள் வெளிப்பக்கமாக ஏறி அவனைத் தாண்டினாள், கிட்டத்தட்ட முழுக் காரும் தாண்டிவிட்டது, இனி கீழே அவன் முன்னால் இறங்கினால் பந்தயம் அவளுக்கு. "வழி இருக்கா?" என்று கேட்டாள். பார்த்தேன். அவன் காரின் மூக்கு இவள் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு முழம் நுழைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. "உள்ள" என்றேன். அடுத்த சுற்றிலும் கேட்டாள், அதே ஒரு முழம், அதே பதில். பக்கத்தில் லானி, "பெருசு, அவ ஜெயிக்கிறது உனக்குப் பிடிக்கலையா? சொல்லித் தொலையேன்!" என்று சிரித்தான். கீழே மஞ்சள் தொப்பி போட்ட ஜனம் எல்லாம் எழுந்து நின்று இறங்கு இறங்கு என்று கை ஆட்டுகிறது. நானும் வெற்றியை விரும்புகிறவன், ஊரில் என்னைவிட விரும்புகிறவன் கிடையாது, இரண்டு வார்த்தை சொன்னால் ஆயிற்று. "சித்தப்பா, இன்னுமா இருக்கான்? நல்லா பாருங்க" என்றாள், குரலில் எரிச்சல். "உள்ளதான் இருக்கான். நீ இறங்கினா சுவருதான்" என்றேன். மூன்று வார்த்தைக்கு மேல் அன்று நான் பேசியது அதுதான். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. கடைசிச் சுற்று முழுக்க வெளிப்பக்கமாகவே ஓட்டினாள், அந்தப் பக்கம் தூரம் அதிகம், முடிவுக் கோட்டைத் தாண்டும்போது சிவப்புக் காரின் மூக்குதான் முன்னால் இருந்தது. முடிதிருத்தும் கடையிலும் சர்ச்சிலும் முதல் பரிசு என்றுதான் சொல்லியிருக்கிறேன், அவர்கள் கேட்பதற்கு நன்றாக இருக்கும். உனக்கு எழுதுவது இரண்டாம் இடம்.

ஏணியை விட்டு இறங்கி வருவதற்குள் ஜன்னல் வழியாக வெளியே வந்துவிட்டாள். தலைமுடி எல்லாம் வியர்வையில் ஒட்டி, கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். காரின் இடப்பக்கம், அதுதான் உள்பக்கம், போய்க் குனிந்து பார்த்தாள். பின்சக்கரத்துக்கு மேலே மஞ்சளில் சிவப்புப் பெயிண்ட் நீளமாகத் தேய்ந்திருந்தது, விரலால் தடவினாள். "இருந்துக்கிட்டேதான் இருந்திருக்கான்" என்றாள். தண்ணீர் பாட்டிலை முழுக்கக் குடித்துவிட்டு, "கர்ட்டுக்கு இனி ஆறு மாசம் தூக்கமே இருக்காது, கண்ணு எரியும். அடுத்த சனி மூணு மணிக்கு வந்துருங்க சித்தப்பா, தொப்பி கொண்டு வாங்க" என்றாள். கர்ட்டுக்குப் பெண் குழந்தை, இரண்டு பேரும் நலம்.

அதிலிருந்து நான்கு பந்தயம் ஆகிவிட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமை டிவியில் பெரிய பந்தயங்களையும் விடுவதில்லை, பாதிரியார் பிரசங்கத்தைச் சின்னதாகச் செய்வதன் அருமை அப்போதுதான் தெரிகிறது. என் வண்டியின் பின்னால் நாற்பத்தொன்று என்று ஒட்டியிருக்கிறேன், தபால் பெட்டியிலும் எழுதியிருக்கிறேன், தபால்காரர் அது வீட்டு நம்பரா என்று கேட்கிறார். சித்தி கார் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து உள்ள, வெளிய என்று சொல்கிறேன் என்று அவள் என்னைப் பின் இருக்கைக்கு மாற்றிவிட்டாள். டயர் எப்போது மாற்ற வேண்டும், எந்த வளைவில் பிரேக்கை விட வேண்டும் என்பதில் இந்த மாவட்டத்தில் எனக்குச் சமமாகப் பேச ஒருவன்தான் உண்டு, அது லானி. அவனும் நானும் வேகவைத்த கடலையை ஒரே பொட்டலத்தில் பங்கு போட்டுத் தின்கிறோம்.

நிறுத்திவிடச் சொன்னீர்களா என்று நீ கேட்பாய். சொல்லவில்லை. சொல்ல மாட்டேன், காரணத்தையும் எழுதிவிடுகிறேன். அந்தக் கூரையிலிருந்து நான் சொல்வதை அவள் ஒரு நொடிகூட யோசிக்காமல் நம்ப வேண்டும். அந்தக் குரலிலேயே நான் உன் புத்திமதியையும் கலந்தால், அடுத்த தடவை உள்ளே கார் இருக்கிறது என்று சொல்லும்போது, இருப்பது காரா அல்லது அக்காவின் பயமா என்று அவள் யோசிப்பாள். அந்த யோசனைக்கு அங்கே நேரம் கிடையாது. ஆகவே உன் பயத்தை நீயே அவளிடம் சொல், அது உன் உரிமை, நான் குறுக்கே நிற்க மாட்டேன். அவளும் உன்னைத் திட்டுவாள், திட்டட்டும், பேச்சு என்று ஒன்று நடக்கும்.

கர்த்தர் உன்னையும் உன் கையில் குணமாகிறவர்களையும் காப்பாராக. கம்பளிச் சாக்ஸ் அனுப்பியிருக்கிறோம், சித்தி பின்னியது, ஒன்று நீளம் ஒன்று குட்டை, இதைப் படிக்கும் சித்தி என்னை மன்னிக்கட்டும். கெய்லா டயர்க் கடையிலிருந்து ஐந்து மணிக்கு வருகிறாள், சாப்பிட்டு முடிக்கும்வரை போன் பக்கத்தில்தான் இருக்கும், அந்த நேரத்தில் கூப்பிடு. சனிக்கிழமை மட்டும் கூப்பிடாதே, அன்றைக்கு அவள் காதில் நான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும் சித்தப்பா,
ஹோபர்ட் ஸ்டாம்பர்