தோஹாவில் நான்கு நாள்

ஜூன் 3

இன்றும் டிக்கெட் முடியவில்லை. இதற்காக ஒரு மனுசி எத்தனை தரம் நாவற்குடாவிலிருந்து டவுனுக்கு பஸ் ஏறுவது? நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நானும் ஹெக்டரும் லண்டனுக்கு, மகள் மேர்லின் வீட்டுக்குப் போகிறோம். வழியில் தோஹாவில் இறங்கி மகன் அலனோடு நான்கு நாள் நிற்க வேண்டும். பிறகு அதே டிக்கெட்டில் மிச்சப் பயணம். ஏஜென்சியில் இருக்கிற இர்ஷானா நல்ல பிள்ளைதான், ஆனால் போட்டுத் தந்தது தோஹாவில் இரண்டு மணித்தியாலம். "டீச்சர், எல்லாரும் கெதியாப் போற டிக்கெட்டத்தானே கேக்குற" என்கிறாள். எல்லாருக்கும் தோஹாவில் பிள்ளை இருக்கிறதா?

அவனைக் கண்டு ஐந்து வருசம். கம்பனியில் லீவு தருகிறார்களில்லையாம். அவன் வராவிட்டால் நான் போகிறேன்.

ஜூன் 5

ஹெக்டருக்கு விளங்கப்படுத்தி என் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

"நாலு நாள் நாம நிண்டா பிளேன் நமக்காகக் காத்து நிக்குமா?"

அது போய்விடும், நாங்கள் வேறொன்றில் ஏறுவோம் என்றேன்.

"அப்ப அது ரெண்டு டிக்கெட்."

இல்லை, ஒன்று.

"ஒண்டு எண்டா ஏன் ரெண்டு பிளேன்?"

இவர் எப்படித்தான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பென்சன் வரைக்கும் வேலை செய்தாரோ. கோபத்தில் கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். மனுசன் வாய் திறக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஜூன் 9

இன்றைக்கு இரண்டு தனி டிக்கெட்டாகப் போட்டு வைத்திருந்தாள். முதல் விமானம் பிந்தினால் மற்றது நமக்காக நிற்காது என்று அவளே சொல்கிறாள். பிறகு ஏன் போட்டாய் பிள்ளை? அங்கேயே இருந்து மாற்றி எடுத்தோம். ஒரே டிக்கெட், ஜூலை 8 தோஹா, 12 லண்டன். அப்பாடா. தோஹாவில் இறங்க வேறு விசா வேண்டுமாம். அதற்கும் அலையத்தான் வேண்டும்.

வட்ஸ்அப்பில் அலனுக்குச் சொன்னேன். துள்ளிக் குதிப்பான் என்று பார்த்தால் — "ஆ, சரிம்மா." அவ்வளவுதான்.

ஜூன் 11

அந்தக் கிழமை அவனுக்கு வேலை கூடவாம். தேதியை மாற்றட்டாம்.

ஜூன் 12

மாற்றினேன். ஜூலை 15.

ஜூன் 17

திரும்பவும்! ஆட்களை வேறு கேம்புக்கு மாற்றுகிறார்களாம். "நீங்க நேரா அக்காட்டப் போங்கம்மா. இங்க சரியான வெக்கை, அம்பது டிகிரி. உங்களுக்கு ஒத்துக்காது." கேம்பிலா நிற்கப் போகிறோம்? ஹோட்டலில்தானே. முகத்தையாவது காட்டடா என்றால் கமரா உடைந்துவிட்டதாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு — பெத்த தாய்க்கு நாலு நாள் இல்லையா உனக்கு? வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன்.

அங்கே மேர்லின் வேறு. அவளுடைய மகளுக்கு ஜூலை 27ஆம் தேதி சேர்ச்சில் முதல் நன்மைப் பூசை. அதற்கு முந்தி வராவிட்டால் வரவே வேண்டாமாம். இவர்கள் எல்லாருக்கும் நான்தான் கிடைத்தேன்.

ஜூன் 20

ஜூலை 20 தோஹா, 24 லண்டன். இர்ஷானா என்னைக் கண்டவுடனேயே பெருமூச்சு விடுகிறாள். "டீச்சர், இன்னும் ஒருக்காத்தான் மாத்த ஏலும்."

ஜூன் 22

எழுதாவிட்டால் படுக்க மாட்டேன்.

பின்னேரம் அலனோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தேன். இடையில் பேக்கரிப் பாண் விற்கிற ஓட்டோவின் பாட்டு கேட்டது, நாடு முழுக்க அந்த ஒரே மெட்டு. வீட்டில் பாண் இல்லை. "ஓடிப்போய் மறியுங்க!" என்று ஹெக்டரை விரட்டினேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கேற்றுக்கு ஓடினார். திரும்பி வந்து, "ரோட்டுல ஒரு ஓட்டோவும் இல்ல. ஒனக்குக் காது பழுது" என்றார்.

எனக்கு இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. போனுக்குள்.

"மனே, தோஹாவிலயும் பாண் ஓட்டோ வருதா?"

பாட்டு மட்டும் கிட்ட வந்து, பிறகு தூரப் போனது.

"அம்மா... நான் வத்தளையில நிக்கிறன்."

பெப்ரவரியிலிருந்து! கம்பனியைப் பூட்டி எல்லாரையும் அனுப்பிவிட்டார்களாம். இப்போது ஒரு ஹோட்டல் குசினியில் வேலையாம். "வெறுங்கையோட ஊருக்கு எப்பிடிம்மா வாற? ஆக்கள் சிரிப்பாங்க."

ஆரு சிரிக்கிற? சிரிச்சா சிரிக்கட்டும்! இத்தனை மாசம் எனக்கு அம்பது டிகிரி வெக்கை சொன்னானே. பஸ் ஏறினா ஒரு பகல். நான் இங்க விசாவுக்கு அலையிறன், அவன் அங்க கொழும்புக்குப் பக்கத்தில இருந்து பாத்துக்கொண்டு இருக்கிறான். அடிக்க வேணும் போல இருக்குது. பாக்கவும் வேணும் போல இருக்குது.

ஹெக்டர் இரவுக்குச் சாப்பிடவில்லை.

ஜூன் 23

தோஹாவில் நிற்பதை எடுத்துவிடச் சொன்னேன். இர்ஷானா பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப ரெண்டு மணித்தியாலம் போதுமா டீச்சர்?"

"போதும்."

பேனையை எடுத்து மாற்றித் தந்தாள். கொழும்பிலிருந்து 24 பின்னேரம் விமானம். நாங்கள் 20ஆம் தேதியே வத்தளைக்குப் போகிறோம். அந்த நான்கு நாளை நான் விடப்போவதில்லை.

ஜூலை 21, வத்தளை

தாடி வளர்த்து, பாதியாக மெலிந்து போயிருக்கிறான். கண்டவுடன் முதுகில் இரண்டு அடி போட்டேன். மூன்றாவதுக்குக் கை எழவில்லை, கட்டிப் பிடித்து அழுதுவிட்டேன். ஹெக்டர் இன்று அவனோடு சந்தைக்குப் போய் மீன் வாங்கி வந்தார். இரண்டு பேரும் மீனைப் பற்றி மட்டும்தான் கதைக்கிறார்கள்.

ஊருக்கு வாவன் என்று கேட்டால் எழும்பி வெளியே போகிறான். எத்தனை தரம் கேட்பது!

ஜூலை 24, வத்தளை

ஹெக்டர் ஊர் வீட்டைப் பூட்டிக் கொண்டுவந்த திறப்பை அலனின் மேசையில் வைத்தார். "மூணு மாசம் வீடு பூட்டிக் கிடக்கப் போகுது. ஆரும் பாத்தா நல்லம்." அலன் திறப்பைப் பார்த்தான், எடுக்கவில்லை. நான் வாயைத் திறக்க, ஹெக்டர் என்னை முறைத்தார். வான் வந்துவிட்டது. திறப்பு அங்கேயேதான் கிடக்கிறது.

ஜூலை 25, லண்டன்

வந்து சேர்ந்தோம். தோஹாவில் கண்ணாடிக்குள்ளால் வெளியே பார்த்துவிட்டு, "இங்க நாலு நாள் நிண்டிருந்தா அவிஞ்சிருப்பம்" என்றார் ஹெக்டர்.

இங்கே இறங்கிப் போனைப் போட்டதும் அடுத்த வீட்டுக் கஜானியின் குரல். காலையில் அனுப்பியிருக்கிறாள்.

"செசீலியாக்கா, உங்கட வளவுக்குள்ள ஆரோ ஒரு தாடிக்காரன் கிணத்தில அள்ளி அள்ளிக் குளிக்கிறான். கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்கிறானில்ல. பொலிசுக்கு அடிக்கட்டா?"

ஹெக்டர் போனை வாங்கி, காதோடு வைத்து, திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான் பதில் அனுப்பினேன்: "வேணாம் கஜானி. அது நம்மட அலன். குளிச்சு முடிய ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடு."