கையை வைத்துப் பார்த்த நிறம்

அக்கா, இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டிவிடாதே. உன்னால் இனிக் காட்ட முடியாது என்று தெரியும். ஆனாலும் கெஞ்சத் தோன்றுகிறது. கம்ப்யூட்டரைத் தொட்டால் தோலை உரித்துவிடுவேன் என்று நைனா சொல்லியிருக்கிறார். கதவைத் தாழிட்டுக்கொண்டு அதன் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் உன் அரக்கு நிறத் தாவணி. பீரோவிலிருந்து எடுத்தபோது விபூதி வாசனையும் உன் வேர்வை வாசனையும் சேர்ந்து வந்தன. அம்மா இன்னும் இதைத் துவைக்கவில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு இதைத்தான் கட்டியிருந்தாய். பள்ளிப்பட்டு மாமா தந்த டிஜிட்டல் கேமராவில் காவடிகளைப் படமெடுத்துக்கொண்டே மலைக்கோயில் படியேறினாய். மேலே போனதும் என்னிடம் கொடுத்து உன்னை எடுக்கச் சொன்னாய். வீட்டில் கேமராவின் சின்னத் திரையில் அந்தப் படத்தைப் பார்த்த அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "எம்பொண்ணு எவ்ளோ செவப்பா கீறா பாரு!" கம்ப்யூட்டரில் போட்டதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"அதுல செவப்பா இருந்தவ இதுல ஏறினதும் கருத்துப் பூட்டாளே!"

"வர்ற வழியில வெயில்ல நின்னுகினு இருந்தேம்மா," என்றாய். நைனாகூடச் சிரித்தார்.

கோளாறை நீதான் கண்டுபிடித்தாய். மலைமேல் வெயிலில் ஒன்றும் தெரியவில்லை என்று கேமராத் திரையின் வெளிச்சத்தை முழுக்க ஏற்றியவள், இறக்க மறந்திருந்தாய். அது கூட்டிக் காட்டியது. நம் பழைய மானிட்டரோ குறைத்துக் காட்டியது. "ரெண்டுமே பொய் சொல்லுதுடி." படத்திலிருந்த உன் கைக்குப் பக்கத்தில் நிஜக் கையை வைத்தாய். நான் மானிட்டரின் பொத்தானை அழுத்தினேன்.

"ஏத்து... இன்னும் கொஞ்சம்... ஆங், நிறுத்து. இதான் நானு. இதுக்கு மேல ஏத்தாத."

ஐப்பசியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவள் நடந்து திரும்பவில்லை.

சுவரில் மாட்ட அந்தப் படம்தான் வேண்டும் என்றாள் அம்மா. ஆனால் ரிப்பேருக்குப் போய் வந்த மானிட்டரில் நாம் வைத்த வெளிச்ச அளவு கலைந்து, நீ இருட்டில் நிற்பதுபோல் தெரிந்தாய். போட்டோ கடையில் முகத்தை வெளுப்பாக்கித் தருவார்களாம். நாளைக் காலையில் நைனா போகிறார். "படத்துல தப்பில்ல நைனா, வேணாம்" என்றேன். கத்தினார். "பொண்ணு பாக்க வந்தவன் பேசினதே போதும். சுவத்துலயாவது எம்பொண்ணு செவப்பா இருக்கட்டும்!" அப்புறம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வெளுத்த முகத்தோடு யாரோ ஒருத்தி மாலை போட்டுக்கொண்டு நம் சுவரில் இருக்கப் போகிறாள் என்று எனக்குப் பயமாக இருந்தது.

வைத்துப் பார்க்க உன் கை இல்லை. தாவணி இருக்கிறது. படத்துத் தாவணியின் பக்கத்தில் இதைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். இரண்டு துணியும் ஒன்றான இடத்தில் நிறுத்திவிட்டு நிமிர்ந்தேன்.

நீ. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அப்படியே நீ. இதற்கு மேல் ஏற்ற மாட்டேன் அக்கா.

விடிந்ததும் நைனாவைக் கூப்பிட்டு, தாவணியையும் திரையையும் சேர்த்துக் காட்டி

கதவைத் தட்டுகிறார். "யாருடி உள்ள? லைட்டு எதுக்கு எரியுது?"

தாளை ஒளித்துவிடுவேன். திரையை அணைக்க மாட்டேன். நைனா பார்க்கட்டும், நீ