இரண்டு கிலோ கல்லுப்பு

இன்று காலை பரணிலிருந்து அந்த உப்புப் பையை இறக்கினேன். அடியில் ஈரம் கசிந்து, வைத்த இடத்தில் சிமெண்ட் தரை நனைந்தது. உன் மளிகைக் கடையின் வாசனை, சீயக்காயும் மிளகாயும் கோணியும் கலந்தது, இன்னும் அதில் இருக்கிறது. நீ போய் நாலு மாதம். பாப்பாவோடு நான் பஸ் ஏறியும் நாலு மாதம். திருக்கனூரில் அம்மா படுத்துவிட்டாள். இனியும் வில்லியனூரிலேயே முடங்கிக் கிடக்க முடியாது.

நாம் சந்தித்ததும் அந்தத் திருக்கனூர் பஸ்ஸில்தானே? அப்போது பாப்பாவுக்கு ஆறு வயது. மணிக்கட்டைக் கடித்துக்கொண்டு அலறினாள், முன்சீட்டை உதைத்தாள். "புள்ளைய அடக்கும்மா, இல்லன்னா எறங்கிக்க" என்று கண்டக்டர் கத்தினார். பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. பக்கத்து சீட்டில் இருந்த நீ, மடியிலிருந்த உப்புப் பையை எடுத்து அவள் காலடியில் வைத்தாய்.

"அத்தைக்குக் கை வலிக்குதாம். நீ வெச்சிக்க."

அவள் குனிந்து தூக்கினாள், மடியில் வைத்துக் கட்டிக்கொண்டாள், அடங்கிப்போனாள். நான் உன்னை மந்திரக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

"இன்னாடி அப்படிப் பாக்கற? எங்க தம்பியும் இப்படித்தான். சும்மா ஒக்காருன்னா ஒக்காராதுங்க. வேல குடு, ஒக்காரும்."

பையை ஏன் கையில் தரவில்லை என்று கேட்டேன். "உப்ப கைக்குக் கை மாத்துனா சண்ட வரும்டி. உங்க வூட்லயும் எங்க வூட்லயும் உப்பு ஒண்ணுதான்" என்று சிரித்தாய். அந்தப் பையை எங்களுக்கே கொடுத்துவிட்டாய்.

பிறகு டவுனில் இவளைப் போன்ற பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் மேடமும் அதையேதான் சொன்னார்கள், 'ஹெவி ஒர்க்' என்று பெயர் வைத்து. உடம்புக்கு பளுவான வேலை கொடுத்தால் மனசு அடங்குமாம். உனக்குப் பெயரெல்லாம் தெரியாது. பஸ் ஸ்டாப்பில் "செவுத்த தள்ளு பாப்பா, தள்ளுனாதான் பஸ் வரும்" என்பாய். அவள் மூச்சைப் பிடித்துத் தள்ளுவாள். பஸ்ஸும் வரும், அவள் ஜம்பமாக ஏறுவாள். பாகூர் ஏரிக்குப் போனால் தண்ணி கேனைத் தூக்குவது அவள் வேலை. வழியில் கடிக்க கொப்பரைத் துண்டு. திருக்கனூர் பஸ்ஸில் என்றால் உன் உள்ளங்கையும் அவள் உள்ளங்கையும் ஒட்டிக்கொள்ளும். யார் கை ஜெயிக்கும் என்று பத்துகண்ணு ஸ்டாப் வரை தள்ளுவீர்கள். நீ தோற்றுக்கொண்டே இருப்பாய்.

சண்டை என்னால்தான் வந்தது. விழுப்புரத்தில் கல்யாணம். தூரம் அதிகம், பளுவும் அதிகம் இருந்தால் அதிக நேரம் அடங்கியிருப்பாள் என்று நானே கணக்குப் போட்டு, பையில் இன்னும் இரண்டு கிலோ உப்பு போட்டுவிட்டேன். உன் கடை வாசலில் அவள் தோள்பட்டையில் வார் பதிந்திருந்ததை நீ பார்த்தாய்.

"புள்ளய கழுதையாக்கிட்டியேடி! வேல குடுன்னா, மூட்ட தூக்க வெப்பியா?"

நாலு பேர் பார்க்க நீ கத்தியது எனக்குச் சுருக்கென்று தைத்தது. "பெத்தவளுக்குத் தெரியும். உனக்கு இன்னா தெரியும்?" என்றேன். பிள்ளையில்லாத உன்னிடம் போய் அதைச் சொன்னேன். பாவி நான்.

நீ பையைப் பிரித்தாய். கூடுதல் பொட்டலங்களை வெளியே எடுத்தாய். வழக்கம்போல் கீழே வைக்காமல் நேராக என்னிடம் நீட்டினாய். நானும் ஆத்திரத்தில் கையிலேயே வாங்கிக்கொண்டேன்.

மூன்று வாரத்தில் நீ மவுத்தாகிப்போன செய்தி வந்தது. நெஞ்சுவலியாம். வந்தேன், தெருமுனை வரை வந்து, உள்ளே வர முகமில்லாமல் திரும்பிவிட்டேன். பாப்பாவிடம் நீ இல்லை என்றுகூட நான் சொல்லவில்லை.

இன்று பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்காரவில்லை. அந்த இடத்தை விட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்தாள். பையை நான் மடியில் வைத்திருந்தேன். வில்லியனூர் தாண்டியதும் காலி இடத்தைப் பார்த்து இரு கைகளையும் நீட்டினாள்.

வெறும் காற்றைத் தள்ளினால் கை நீண்டுகொண்டே போகும். இவள் முழங்கை மடங்கியது. தோள் பின்னால் போய் என் மேல் இடித்தது. உள்ளங்கைகள் கண்ணாடியில் வைத்து அழுத்தியதுபோல் தட்டையாகி வெளுத்திருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தள்ளினாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது, கண்டக்டர் யாருக்கோ டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார்.

"யாருடி அங்க?"

"அத்த."

என் கை நடுங்க ஆரம்பித்தது. கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "அத்த என் மேல கோவமா இருக்கா?"

பாப்பா காலி இடத்தைப் பார்த்தாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு என் மடியிலிருந்த பையை இழுத்து, பஸ்ஸின் தரையில், என் காலடியில் வைத்தாள். உப்பைக் கீழே வைக்கும் வழக்கத்தை நான் அவளுக்குச் சொல்லித்தந்ததே இல்லை.

"அத்தைக்குக் கை வலிக்குதாம்" என்றாள். "நீ வெச்சிக்க."

குனிந்து எடுத்தேன். நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். திருக்கனூர் வரும்வரை இறக்கவில்லை. பத்துகண்ணு தாண்டும்போது என் கை நடுக்கம் நின்றிருந்தது.