மாக்கல் மேடையில் இடக்கைக் கோடுகள்

என் பிரியமுள்ள ருக்கு அக்கா,

நீ போய் ஒரு வருஷம் ஆன பிறகு உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதுகிறேன். வீட்டுச் செய்தியை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? ரேஷன் அரிசியில் இன்னும் அதே நாற்றம். காலடிப்பேட்டைக் குழாயடியில் இன்னும் அதே சண்டை. நீ இருந்தவரை முதல் குடம் நம்முடையது, இப்போது வரிசையில் எங்கேயோ நிற்கிறேன். மற்றபடி எல்லோரும் சௌக்கியம்.

பெரிய செய்தி ஒன்று உண்டு. உன் வீட்டுக்காரர் மறுகல்யாணம் செய்துகொண்டார். பெண் நெட்டுக்குப்பத்துப் பெண், மீன்பிடிக்கிற குடும்பம், பெயர் சரோஜா. தம்பி பெண்டாட்டி என்கிற முறையில் நான்தான் ஆரத்தி எடுத்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று சொன்னால் நம்புவாயா? எத்தனை காலம் ஓரகத்தி புருஷனுக்கும் சேர்த்து ஆக்கிப் போடுவாய் என்று தெருவே என்னைக் கேட்டுக்கொண்டிருந்தது. நடந்தது நல்லது என்றுதான் நினைத்தேன். நான் எழுத வந்தது அதைப் பற்றியல்ல, உன் கல்லைப் பற்றி.

சுதந்திரம் வந்த வருஷம் நீ குழாயடியில் வழுக்கி விழுந்து முழங்கால் மடங்காமல் போனதே, அன்றைக்கு ஆரம்பித்தது. தரையில் உட்கார்ந்து அடுப்பூத முடியாது. அரிவாள்மணை போட்டு உட்கார முடியாது. இனி சமையற்கட்டு சின்னவளுக்குத்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். "காலுதான மடங்கல, கை நல்லாதான கீது? நின்னுகினு ஆக்கறேன்" என்றாய் நீ. உன் இடுப்பு உயரத்துக்குச் செங்கல் மேடை எழும்பியது. வெள்ளைக்காரிச்சி சமையல் என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள்.

மேலே போடக் கல் பார்க்க ராயபுரம் கல்மண்டிக்கு ரிக்‌ஷாவில் போனோம். உன் மடியில் ஒரு சொம்பு, அதற்குள் கெட்டியாகக் கரைத்த புளி. மண்டிக்கார பாய் பளபளவென்று ஒரு கடப்பைக் கல்லைக் காட்ட, நீ அதன் மேல் புளியை ஊற்றினாய்.

"இன்னாம்மா, கல்லுக்கே கொழம்பு வெக்கறியா?" என்றார் பாய்.

சற்று நேரம் கழித்துத் துடைத்துப் பார்த்தால் கல்லில் வெளுப்பாக ஒரு தழும்பு. பாய்க்கு முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பிறகு மூலையில் சாம்பல் நிறத்தில் சீந்துவாரில்லாமல் கிடந்த பலகையில் ஊற்றினாய். கல்சட்டி செய்கிறார்களே, அந்த மாக்கல். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. நகத்தால் கீறினாய், மாவு உதிரவில்லை. சாவியால் தட்டினாய், உள்ளே விரிசல் இல்லாத சத்தம் வந்தது. "இது மெத்து கல்லும்மா, கத்தி பட்டா கோடு வுழும்" என்று பாய் எச்சரித்தார். "வுந்தா தேச்சிக்கறேன் பாய்" என்றாய்.

சொன்னபடியே செய்தாய். கொதிக்கிற சட்டியை நேராக அதன் மேல் இறக்குவாய். மாதத்துக்கு ஒரு தரம் தேங்காயெண்ணெய் தடவி ஊறவிட்டுத் துடைப்பாய். சாம்பல் கல் வருஷத்துக்கு வருஷம் கறுத்துக்கொண்டே வந்தது. ஜன்னலோரம் நின்று கத்தியால் மீன் நறுக்குவாய். நீ இடக்கைக்காரி, கோடெல்லாம் எதிர்ப்பக்கமாகச் சாயும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது, உன் வீட்டுக்காரர் ஒர்க்‌ஷாப்பிலிருந்து கொண்டுவரும் உப்புத்தாளால் தண்ணீர் தெளித்துத் தேய்ப்பாய். கோடெல்லாம் போய்விடும். கல் புதிதாகிவிடும்.

கடைசிப் பொங்கலுக்கு நீ படுக்கையில் கிடந்தாய். அந்த வருஷத்துக் கோடுகள் அப்படியே நின்றுவிட்டன. இந்தப் பொங்கலுக்கும் நான் தேய்க்கவில்லை. எண்ணெய்கூடப் போடவில்லை. சரோஜா வந்த அன்றே, "ஜன்னலாண்ட கை வெக்காத" என்று சொல்லிவைத்தேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. புகை அடிக்கிற மூலையில் நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டே சமைத்தாள்.

போன வாரம் நான் கடைக்குப் போய்த் திரும்பினால், மேடை முழுக்கச் சுண்ணாம்பு பூசினமாதிரி வெளுத்துக் கிடக்கிறது. பக்கத்தில் சரோஜா விக்கி விக்கி அழுகிறாள். அவர்கள் ஊரில் மீன் பாத்திரத்தை ஆற்று மணல் போட்டுத் தேய்த்தால்தான் கவிச்சி போகும். அந்தப் பழக்கத்தில் கல்லையும் மணல் போட்டுத் தேய்த்திருக்கிறாள். உன் ஜன்னலோரத்தை மட்டும் தொடவில்லை.

"கலீஜா கீதேன்னுதான் தேச்சேங்க்கா. இப்படிப் பூடும்னு தெரியாது. அவரு பாத்தா இன்னா சொல்லுவாரு? இந்த வூட்ல எனுக்கு ஒண்ணுமே தெரியலன்னுதான சொல்லுவாங்க?"

"அழாத. உப்புத்தாளு போட்டு எண்ண வெச்சா சரியாப் பூடும்" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஜன்னலாண்ட மட்டும் வுட்டுடலாங்க்கா. அது அவங்க எடம்" என்றாள்.

எனக்குச் சுரீர் என்றது. அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. வெளிச்சமும் காற்றும் வருகிற இடத்தைச் செத்தவளுக்கு விட்டுவிட்டு, தன் சமையற்கட்டில் தானே ஒண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். உன் மேல் எனக்கு ஆசை இருக்கிறது அக்கா, அதற்கு இந்தப் பெண் எதற்காகப் புகை குடிக்க வேண்டும்? நீயாக இருந்தால் என்னை என்ன திட்டு திட்டியிருப்பாய்?

மற்ற இடமெல்லாம் அவளைத் தேய்க்கச் சொன்னேன். ஜன்னலோரத்தை நானே தேய்த்தேன். தண்ணீரோடு வெள்ளை மாவாக உன் கோடுகள் என் விரலிடுக்கில் வழிந்தன. பாதியில் கை ஓடவில்லை. அழுதேன். ஒரு வருஷமாக வராத அழுகை அன்றைக்குத்தான் வந்தது. சரோஜா பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு இரண்டு பேருமாக எண்ணெய் தடவினோம். கல் கறுத்தது.

உன் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். மேடையைக் கையால் ஒரு தரம் தடவிவிட்டு, "சோறு போடு" என்று அவளிடம் சொல்லிப் போய் உட்கார்ந்தார்.

நேற்று சரோஜா ஜன்னலோரம் நின்று கானாங்கெளுத்தி நறுக்கினாள். கால் இரண்டும் நன்றாக இருக்கிறது, தாராளமாக உட்கார்ந்து அரியலாம். நின்றுகொண்டுதான் நறுக்குகிறாள். அவள் போன பிறகு பார்த்தேன், புதுக் கோடு விழுந்திருக்கிறது. வலக்கைக் கோடு. இனி அவளை அங்கிருந்து நகரச் சொல்ல மாட்டேன் அக்கா, இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் ஓரகத்தி, உனக்குத் தங்கையாகவே இருந்தவள்,
கமலா